கூட்டமா போங்க, கோத்துக்கிட்டு போகாதீங்க

ரொம்ப நாளா கடைப்பக்கமே வரலை. தீசிஸ்னு ஒண்ணு கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது. அதுக்கு நடுவுல ஒரு ஊர்சுத்தலும் நடந்தது. நாலு பாகமா பயணக் கட்டுரை எழுதி, ஒவ்வொண்ணுக்கும் கீழ "தொடரும்" போட்டு உங்க உயிரை வாங்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன் :-) ஆனா அந்தப் பயணத்துல ஒரு விஷயம் மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. அதை முதல்ல இறக்கி வெச்சுடறேன். படமெல்லாம் அப்புறம்.

2025 ஜூன் கடைசி வாரம். அஞ்சு ஆர்.வி., இருபத்திரெண்டு பேர். மூணு வண்டியில குடும்பங்கள், ரெண்டு வண்டியில எங்களை மாதிரி மாணவர் கூட்டம். கலிபோர்னியாவோட ஒண்ணாம் நம்பர் ஹைவேயில, பொடேகா பேயிலேர்ந்து ஃபோர்ட் பிராக் வரைக்கும். இந்த ரோடுன்னாலே எல்லாரும் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பிக் சர் பக்கம்தான் ஓடுவாங்க. நாங்க போனது வடக்கே. கூட்டம் கம்மி, மூடுபனி ஜாஸ்தி. ஒரு பக்கம் மலைச்சரிவு, இன்னொரு பக்கம் நேரா கீழ பசிபிக். போக ஒரு லேன், வர ஒரு லேன். பல இடத்துல ஓரத்துல தடுப்புக் கம்பி கூட கிடையாது.

ஆர்.வி. பார்க்காதவங்களுக்கு: லாரி மாதிரி ஒரு வண்டி மேல ஒரு சின்ன வீட்டைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கும். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. எங்களோடது ஒவ்வொண்ணும் 25 அடி. இதை ஓட்ட சாதாரண கார் லைசென்ஸ் போதும்ங்கறதுதான் இதுல சந்தோஷம், பயமும் அதேதான். வாடகைக்கு விட்டவங்க 25 வயசு ஆகியிருக்கணும்னாங்க. எங்க வண்டியில அந்த வயசைத் தாண்டினவன் நான் ஒருத்தன்தான். அதனால ஸ்டியரிங் என் கையில.

இந்த மாதிரி கூட்டமா போறதுக்கு இந்த ஊர்ல பெரிய சரித்திரமே இருக்கு. ஏர்ஸ்ட்ரீம்னு வெள்ளிக் குண்டு மாதிரி இருக்கும் பாருங்க ஒரு டிரெய்லர், அதை ஆரம்பிச்ச வாலி பயம் 1951லயே ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு மெக்சிகோ தாண்டி மத்திய அமெரிக்கா போனார். 1959ல கேப் டவுன்லேர்ந்து கெய்ரோவுக்குக் கிளம்பினார். கூட்டத்தை நடத்தறவருக்கு வேகன் மாஸ்டர்னு பேர். கடைசியா வர்ற வண்டிக்கு டெயில் கன்னர். எங்க வேகன் மாஸ்டர், எல்லா ஏற்பாட்டையும் ஒத்தையாளா செஞ்ச அண்ணன் ஒருத்தர். டெயில் கன்னர், சாட்சாத் அடியேன்.

அண்ணன் ஒரே ஒரு விதிதான் போட்டார். "யாரும் பிரியக்கூடாது. முன்னாடி வண்டியோட பின்பக்கம் எப்பவும் கண்ணுல தெரியணும்." ஆளுக்கொரு வாக்கி டாக்கியும் கொடுத்தார். குழந்தைங்க இருக்கு, பல இடத்துல போன் சிக்னல் கிடையாது, பாதிப் பேர் முதல் தடவை இதை ஓட்டறாங்க. அவர் பயத்துல நியாயம் இல்லைன்னு நான் இன்னைக்கும் சொல்ல மாட்டேன்.

ரெண்டாம் நாள் காலைல எட்டு மணிக்குப் பொடேகா கேம்ப்கிரவுண்ட்லேர்ந்து கிளம்பினோம். ஜென்னர் தாண்டினதும் ரோடு மலைமேல ஏறுது. கொண்டை ஊசி வளைவு, பனி, நடுவுல மாடு வேற. நாங்க 25 மைல் வேகத்துல, ரயில் பெட்டி கோத்த மாதிரி ஊர்ந்துக்கிட்டு இருந்தோம். என் கண்ணாடியில ஒரு சின்ன பச்சைக் கார். அதை ஓட்டறது ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. அவங்களுக்குப் பின்னால ஒரு வளைவுல எண்ணிப் பார்த்தேன், பதினாலு வண்டி.

வாக்கி டாக்கியில சொன்னேன். "அண்ணே, பின்னாடி பெரிய வரிசை நிக்குது, ஒதுங்கிக்கலாமா?" "வேணாம் தம்பி, ஒதுங்கினா பிரிஞ்சுடுவோம். குவாலாலா போய்ப் பார்த்துக்கலாம்." நானும் சரின்னுட்டேன். வண்டி ஒதுங்கறதுக்குன்னே பலகை வெச்சு இடம் விட்டிருக்கான். அந்த மாதிரி ஏழு இடத்தை நான் தாண்டிப் போனேன்.

கொஞ்ச நேரத்துல வரிசைக்குப் பின்னாலேர்ந்து ஒரு பிக்கப் டிரக் பொறுமை போய் மஞ்சக் கோட்டைத் தாண்டி ஏறினான். என்னைத் தாண்டிட்டான். ஆனா எனக்கும் முன் வண்டிக்கும் நடுவுல அவன் நுழைய இடமே இல்லை. எதிர்ல பனிக்குள்ளேருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளிச்சம். நான் பிரேக்கை மிதிச்சேன், உள்ள பாத்திரமெல்லாம் உருண்டுது, அவன் எப்படியோ செருகிட்டான். பைக்காரர் போயிட்டார். அரை நிமிஷ சமாச்சாரம். கை நடுக்கம் நிக்க அரை மணி ஆச்சு.

குவாலாலா பெட்ரோல் பங்க்ல நிறுத்தினோம். (எழுதறதுதான் குவாலாலா, ஊர்க்காரங்க சொல்றது 'வலாலா'.) பச்சைக் காரும் பின்னாலேயே வந்து நின்னுது. அந்த அம்மா இறங்கி நேரா என்கிட்ட வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். திட்டலை. அவங்க அப்பா படுத்த படுக்கையா இருக்காராம். ராத்திரி பார்த்துக்கற நர்ஸுக்கு ஒன்பது மணியோட டூட்டி முடியுதாம். இவங்க போனாத்தான் அந்த நர்ஸ் வீட்டுக்குப் போக முடியும். மணி அப்போ ஒன்பதே முக்கால். "உங்களுக்கு இது லீவு. எனக்கு இதுதான் ஊர், வேற ரோடு கிடையாது"ன்னாங்க. அவ்வளவுதான், கிளம்பிப் போயிட்டாங்க. நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

ராத்திரி கேம்ப்ல தூக்கம் வரலைன்னு சட்டத்தைத் தேடிப் படிச்சேன். கலிபோர்னியா வாகனச் சட்டம் 21656: ரெண்டு லேன் ரோட்டுல, முந்தறது ஆபத்தா இருக்கற இடத்துல, மெதுவா போற வண்டிக்குப் பின்னால அஞ்சு வண்டி சேர்ந்துட்டா, அடுத்த ஒதுங்குமிடத்துல ஒதுங்கியே ஆகணும். கணக்குப் போட்டுப் பாருங்க. எங்க முதல் வண்டிக்குப் பின்னால நாங்களே நாலு பேர். வெளியாள் ஒரே ஒரு கார் வந்து சேர்ந்தாலே அஞ்சு! இன்னொண்ணு, 21705. இது எங்களுக்காகவே எழுதின மாதிரி இருந்தது. ஊருக்கு வெளியே கூட்டமா போற வண்டிகள் ஒண்ணுக்கொண்ணு குறைஞ்சது 100 அடி இடைவெளி விடணும், மத்தவங்க முந்திப் போறதுக்கு வசதியா. நான் விட்டது இருபது அடி இருந்தா பெரிசு.

ஆக, அண்ணனைக் குத்தம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஒதுங்க வேண்டிய சமயத்துல ஸ்டியரிங் பிடிச்சிருந்தவன் நான். இடைவெளி விடாம ஒட்டினவனும் நான். கூட்டத்துல இருக்கும்போது நம்ம பொறுப்பைக் கூட்டத்துக்கிட்ட கொடுத்துடறோம். தனியா காரில் போயிருந்தா முதல் வளைவுலயே ஒதுங்கியிருப்பேன்.

சரி, இப்படி ஒட்டிக்கிட்டுப் போனதுல நாங்களாவது எதையாவது பார்த்தோமா? அதுவும் இல்லை. ஜென்னர்ல ரஷ்யன் ஆறு கடல்ல கலக்கற இடத்துல கடல்நாய்க் கூட்டம் மணல்ல படுத்துக் கிடக்கும். முதல் வண்டி நிக்கலை, அதனால யாரும் நிக்கலை. 1812ல ரஷ்யாக்காரங்க கட்டின ஃபோர்ட் ராஸ் கோட்டை. அஞ்சு வண்டிக்கும் சேர்ந்தாப்பல இடம் கிடைக்குமான்னு தெரியலை, தாண்டிட்டோம். அன்னைக்கு முழுக்க நான் பார்த்த இயற்கைக் காட்சி, முன் வண்டியோட பின்பக்கம் மாட்டியிருந்த ஏணி.

மறுநாள் காலைல டீ குடிக்கும்போது பேச்சை எடுத்தேன். அண்ணனுக்கு முகம் சுருங்கிப் போச்சு. "யாராவது வழி தவறிட்டா யாருப்பா பதில் சொல்றது?" சத்தம் கொஞ்சம் ஏறுச்சு. அப்போ பேச்சை முடிச்சு வெச்சது காரைக்குடிலேர்ந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மா. "ஏன் தம்பி, பழனிக்குப் பாதயாத்திரை போறோம். எல்லாரும் கயித்துல கட்டிக்கிட்டா நடக்கறோம்? மதியம் எங்க சோறு, ராத்திரி எங்க தங்கல்னு சொல்லிடுவாங்க. அவங்கவங்க நடையில வந்து சேர வேண்டியதுதானே. கடைசியா ஒருத்தர் பார்த்துக்கிட்டே வருவாரு."

அவ்வளவுதாங்க விஷயம். அப்புறம் படிச்சா, இந்த ஊர் ஆர்.வி. கிளப்புகள்ல பலதும் இதைத்தான் செய்யுது. ஆளுக்கொரு வழிக்குறிப்பு கொடுத்துட்டு, முன்னப் பின்ன கிளம்பவிட்டு, சாயங்காலம் சேர்ந்துக்கறாங்க.

அன்னைக்கு இருபது நிமிஷ இடைவெளியில கிளம்பினோம். மதியம் ஒரு மணிக்கு பாயிண்ட் அரீனா கலங்கரை விளக்கம், சாயங்காலம் ஆறு மணிக்கு மெக்கெரிச்சர் ஸ்டேட் பார்க். கடைசி வண்டிங்கறதால எங்களுக்குக் காலைல நேரம் கிடைச்சுது. குவாலாலா பாயிண்ட் பார்க்ல வண்டியை விட்டுட்டு, கடல் ஓரத்து மேட்டுல தெற்கே போற ஒத்தையடிப் பாதையில நடந்தோம். அது சீ ராஞ்ச்ங்கற குடியிருப்புக்குள்ள போகுது. 1960கள்ல பத்து மைல் கடற்கரையை வளைச்சு உருவான இடம். பொதுஜனம் கடலுக்குப் போக வழி இல்லாமப் போயிடும்னு ஊர்க்காரங்க சண்டை போட்டாங்க. 1972ல மாநிலம் முழுக்க ஓட்டெடுப்புல 20ஆம் நம்பர் தீர்மானம் ஜெயிச்சு, கடற்கரைக்குன்னு ஒரு கமிஷன் வந்துச்சு. 1976ல தனிச் சட்டமே வந்துச்சு. அதுக்கெல்லாம் முன்னோடியா இருந்த சண்டைகள்ல இந்த சீ ராஞ்ச் சண்டை முக்கியமானது. நாங்க நடந்த பாதை அப்படிக் கிடைச்சது.

அங்க நடக்கும்போதுதான் உறைச்சுது. இந்தக் கடலை யாரும் வளைச்சுப் போடக்கூடாதுன்னு சண்டை போட்ட ஊர்ல வந்து, அதே கடலை ஒட்டின ஒரே ரோட்டை நாங்க ஒரு காலை முழுக்க வளைச்சுப் போட்டிருக்கோம். வேலி கட்டி இல்லை, வண்டி கட்டி.

பாயிண்ட் அரீனாவுக்கு எல்லாருமே வந்து சேர்ந்தாங்க, ஒரு வண்டி மட்டும் நாப்பது நிமிஷம் லேட். 1906 பூகம்பத்துல பழைய கலங்கரை விளக்கம் சேதமாகி, 1908ல புதுசா எழுப்பின 115 அடி கோபுரம். அதுக்குக் கீழ நின்னு அண்ணன் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார், வாக்கி டாக்கியைக் கையில பிடிச்சுக்கிட்டு. லேட்டா வந்த வண்டியில இருந்தவங்க வழியில பெர்ரிப் பழம் வித்தாங்கன்னு நின்னுட்டாங்களாம். அண்ணனுக்கும் ஒரு பெட்டி. அதுக்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்கணுமே :-)

நம்ம ஆளுங்க வெளிநாட்டுல கூட்டமா சுத்தறதை நக்கலடிச்சு எத்தனையோ பதிவு படிச்சிருக்கோம். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. கூட்டம் இல்லாட்டி என் ஸ்டைபண்டுக்கு ஆர்.வி.யை நெட்ல படமாத்தான் பார்த்திருப்பேன். ராத்திரி அஞ்சு குடும்பச் சமையலும் ஒரே மேசைக்கு வந்த சுகத்தை மறக்க முடியாது. நான் சொல்றது இவ்வளவுதான். சேர்ந்து சாப்பிடுங்க, சேர்ந்து தங்குங்க. ரோட்டுல மட்டும் தனித்தனியா போங்க. கண்ணாடியில நாலு தலை தெரிஞ்சா ஒதுங்குங்க. முன்னாடி போறவர் சொன்னாலும் சொல்லாட்டியும்.

அந்தப் பச்சைக் கார் அம்மாகிட்ட நான் "ஸாரி"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அது போதாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியதாப் போச்சு.

உங்க அனுபவத்தையும் பின்னூட்டத்துல கொட்டுங்க. திட்டறதுன்னாலும் சரி, இந்தத் தடவை வாங்கிக்கறேன்.