ஒரு வரி எழுத்தால் உலகம் பதறியது! கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இரவல் பாகங்கள்

2021-ம் ஆண்டு, டிசம்பர் மாதம்.

"மைன்கிராப்ட்" என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு உண்டு. உலகம் எங்கும் சிறுவர் சிறுமியர் இதை விளையாடுகிறார்கள். விளையாடும்போதே ஒருவரோடு ஒருவர் எழுத்தில் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பேச்சுக்கு இடையே சிலர் ஒரு விசித்திரமான வரியை எழுதினார்கள். அவ்வளவுதான்! விளையாட்டை நடத்திக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், எழுதியவர் கைக்குள் வந்துவிட்டது. அவர் ஆட்டிவைத்தபடி எல்லாம் அது ஆடியது.

விளையாட்டோடு போயிருந்தால் கவலை இல்லை. பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களும், சர்க்கார் கம்ப்யூட்டர்களும் அதே மாதிரி வரிக்கு மயங்கின. பெல்ஜியம் நாட்டின் ராணுவ இலாகாவே தாக்குதலுக்கு ஆளாயிற்று.

காரணம் என்ன? இவை எல்லாவற்றுக்குள்ளும் ஒரே ஒரு இரவல் பாகம் இருந்தது!

இரவல் பாகம் என்றால்?

கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிக் கொடுப்பதற்கு "புரோகிராம்" என்று பெயர்.

புரோகிராம் எழுதும் கம்பெனி, எல்லா வரிகளையும் தானே எழுதுவது இல்லை. தையல்காரர் பித்தானைத் தானே செய்கிறாரா? கடையில் வாங்கித்தான் தைக்கிறார். அதுபோல, தேதியைக் கணக்கிடுவது, படத்தைச் சுருக்குவது போன்ற வேலைகளுக்கு, வேறு யாரோ எழுதிவைத்த பாகங்களை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தப் பாகத்துக்கு "லைப்ரரி" என்று பெயர். பெரும்பாலும் இலவசம்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. இரவல் வாங்கலாம். ஆனால், எதை எல்லாம் வாங்கினோம் என்பதை மறக்கக் கூடாது. மறந்ததால்தான் வந்தது வினை!

கணக்குப்பிள்ளை செய்த காரியம்

2021-ல் அகப்பட்டுக்கொண்ட பாகத்தின் பெயர் "லாக்4ஜே." அமெரிக்காவில் உள்ள "அப்பாச்சி" என்ற அமைப்பின் சார்பில், சில தொண்டர்கள் இதைக் கவனித்து வந்தார்கள்.

லாக்4ஜேயின் வேலை, கணக்குப்பிள்ளை வேலை. யார் வந்தார், என்ன சொன்னார், எங்கே பிழை ஏற்பட்டது என்பதை எல்லாம் அது குறித்துவைக்கும்.

இந்தக் கணக்குப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. "இன்ன விலாசத்தில் ஒன்று இருக்கிறது, எடுத்து வா" என்று யாராவது சொன்னால், அதை ஏட்டில் எழுதுவதோடு நிற்காது. அங்கே போய், இருப்பதை எடுத்துவரும். வந்தது ஒரு புரோகிராமாக இருந்தால், அதை ஓட்டியும் பார்க்கும்!

இந்த வசதி 2013-ல் சேர்க்கப்பட்டது. அது இவ்வளவு பெரிய ஓட்டை என்பது 2021 நவம்பரில்தான் அப்பாச்சிக்குத் தெரிந்தது. சீனாவில் உள்ள அலிபாபா கம்பெனியின் நிபுணர் ஒருவர் அதைக் கண்டுபிடித்து எழுதினார். அபாயத்துக்கு நிபுணர்கள் போட்ட மார்க், 10-க்கு 10!

டப்பாவுக்குள் டப்பா

டிசம்பர் மாதமே திருத்திய பாகம் வெளிவந்தது. அந்த மாதத்திலேயே மேலும் சில திருத்தங்களும் வந்தன. ஓட்டையை அடைக்க வழி பிறந்துவிட்டது.

ஆனால், ஓட்டை எங்கே எல்லாம் இருக்கிறது? அதுதான் பலருக்குத் தெரியவில்லை.

ஒரு கம்பெனி, ஒரு பாகத்தை எடுக்கிறது. அந்தப் பாகத்துக்குள் இன்னொருவர் எழுதிய பாகம் இருக்கிறது. அதற்குள் மற்றொன்று. டப்பாவுக்குள் டப்பா! வெளி டப்பாவை வாங்கியவருக்கு, உள்ளே கிடப்பது தெரியாது.

அந்த டிசம்பரில் கூகுள் கம்பெனி ஒரு கணக்கு எடுத்தது. "ஜாவா" என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய 35,000-க்கும் மேற்பட்ட பாகங்கள் இந்த ஓட்டையால் பாதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில், ஓட்டை 5 டப்பாக்களுக்கு உள்ளே இருந்தது!

கனடா நாட்டில் உள்ள கியூபெக் மாகாண சர்க்கார், ஏறக்குறைய 4,000 இணையதளங்களை ஒரே மூச்சில் மூடியது. எல்லாமே கெட்டுவிட்டதாலா? இல்லை. எதில் ஓட்டை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டி இருந்தது.

சண்டை தீர்ந்தது, சிக்கல் வந்தது

தேடும் வேலையை இன்னொரு வழக்கமும் கடினமாக்கியது.

பெரிய புரோகிராமில், வேண்டும்போது மாட்டிக்கொள்ளும் துணைப் புரோகிராமுக்கு "பிளக்-இன்" என்று பெயர். மிக்சியில் சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார் மாட்டுகிறோமே, அதுபோல. பிளக்-இன்களை எழுதுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பை வைத்து எழுதியிருப்பார். மற்றவர் அதே லைப்ரரியின் புதிய பதிப்பை வைத்து எழுதியிருப்பார். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் சண்டை! ஏதாவது ஒன்று ஓடாது.

இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். ஒவ்வொரு பிளக்-இன்னும் தனக்கு வேண்டிய பிரதியைத் தன் பெட்டியிலேயே வைத்துக்கொள்வது. சிலர், பாகத்தின் உள்பெயரையும் மாற்றிவைத்தார்கள். சண்டை தீர்ந்தது.

ஆனால், திருடனைத் தேடும்போது அவன் பெயரை மாற்றிக்கொண்டிருந்தால் எப்படி? ஒரே கம்ப்யூட்டரில் லாக்4ஜேயின் பல பிரதிகள் இருக்கலாம். பெயரைச் சொல்லித் தேடினால், சில அகப்படா. ஒன்றைத் திருத்தினாலும் மற்றவை ஓட்டையோடு இருக்கும்.

11 வரி மாயம்!

அப்படியானால், சொந்தப் பிரதியே வேண்டாம், தேவைப்படும்போது பொதுக் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றால்? அதிலும் ஆபத்து உண்டு.

2016-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி நடந்தது இது. "என்.பி.எம்." என்ற பொதுக் கிடங்கில் "லெப்ட்-பேட்" என்று ஒரு பாகம் இருந்தது. மொத்தம் 11 வரிதான். எண்ணுக்கு இடது பக்கம் பூஜ்யமோ, இடைவெளியோ சேர்ப்பது அதன் வேலை. அதை எழுதியவருக்கும் கிடங்குக்காரர்களுக்கும் வேறொரு பாகத்தின் பெயர் விஷயமாக மனஸ்தாபம். கோபத்தில் அவர் தன் பாகங்கள் அனைத்தையும் எடுத்துவிட்டார்.

அந்த 11 வரி இல்லாமல் பெரிய பெரிய கம்பெனிகளின் புரோகிராம்களைக் கட்ட முடியவில்லை! சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து, கிடங்குக்காரர்களே அதைத் திரும்ப வைத்த பிறகுதான் வேலை நடந்தது.

என்ன வழி?

ஆக, சொந்தப் பிரதியும் வேண்டும். அதற்குக் கணக்கும் வேண்டும்.

எந்தப் பாகம், எந்தப் பதிப்பு, அதற்குள் என்னென்ன என்பதை வரிசையாக எழுதிவைக்க வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடிக்கிறார்கள் அல்லவா? அதே மாதிரிப் பட்டியல். இதைக் கம்ப்யூட்டரே தயாரித்துக் கொடுத்துவிடும். பட்டியல் இருந்தால், 4,000 கதவுகளை மூடவேண்டியது இல்லை. ஓட்டை உள்ள கதவை மட்டும் மூடலாம்.

இதை இப்போது சட்டமே கேட்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 10-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், இத்தகைய பட்டியல் அவசியம் என்கிறது. கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுத்து, சட்டத்தின் முக்கிய விதிகளுக்கு 2027 டிசம்பர் 11-ந் தேதியைக் குறித்தார்கள். மீறினால் அபராதம் 1½ கோடி யூரோ வரை போகலாம். இந்தியாவில் சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான "செர்ட்-இன்", பட்டியல் தயாரிக்கும் முறைகளை 2024 அக்டோபரில் வெளியிட்டது.

ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வியாபார நோக்கம் இல்லாமல், பாகத்தை இலவசமாக எழுதிக் கொடுத்த தொண்டர் மீது அது பாரத்தை ஏற்றவில்லை. அதைச் சேர்த்து விற்றுப் பணம் சம்பாதிக்கிறவர்தான் பொறுப்பு. பித்தான் தெறித்தால், சட்டை விற்றவர்தானே பதில் சொல்ல வேண்டும்!

லாக்4ஜே ஓட்டை இன்னும் 10 ஆண்டு, அதற்கு மேலும்கூட அங்கங்கே இருக்கும் என்று அமெரிக்க அரசாங்கம் அமைத்த குழு 2022-ல் சொல்லிற்று. ஆகவே, வீட்டில் உள்ளவர்களும் ஒன்றை நினைவில் வைப்பது நல்லது. "புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று செல்போன் கேட்கும்போது, "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிவிட வேண்டாம். உள்ளே எங்கோ ஒரு டப்பாவில், யாரோ ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள்.