அண்டை வீட்டாரும் சங்கத்தின் நீதியும்



2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள். மேட்டுப்பாளையத்தில் கனமழை பெய்துகொண்டிருந்தது. பொழுது புலருமுன் நடூரில் ஒரு வீட்டின் உயர்ந்த கருங்கல் சுற்றுச்சுவர் இடிந்து, பக்கத்திலிருந்த ஓட்டு வீடுகளின்மீது வீழ்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அச்சுவரைக் குறித்து முன்னரே முறையிட்டிருந்ததாக அப்பகுதி மக்கள் ஆறாத் துயருடன் கூறினர்.

‘என் மனை, என் சுவர், கேட்பதற்கு நீ யார்?’ என்று எவரேனும் இனியும் சொல்ல இயலுமா? சிந்தித்துப் பாருங்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாக எடுத்துரைத்தார்கள். மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். தண்ணீருக்காக அடிக்கடி மேலே சென்று பிறருக்குத் தொல்லை தருவானேன் என்றெண்ணிய கீழ்த்தட்டினர், தம் பகுதியிலேயே துளையிட முற்பட்டனர். தடுத்தால் எல்லாரும் பிழைப்பர். விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவர். புகாரி நூலில் பதிவாகியுள்ள இந்த நபிமொழி, இன்றைய அடுக்குமாடிகளுக்கென்றே சொல்லப்பட்டது போலன்றோ இருக்கிறது!

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துளையிட முனைந்தோர் கொடியவர்களல்லர், தண்ணீர் தேவைப்பட்டவர்கள். நம் குடியிருப்புகளில் விதி மீறுவோரும் பெரும்பாலும் அத்தகையோரே. குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுபவரின் வீட்டுக்கு ஒருவேளை தண்ணீர் ஏறாமலிருக்கலாம். பொதுவழியில் வண்டி நிறுத்துபவருக்கு இடம் ஒதுக்கப்படாமலிருக்கலாம். ஆகவே சங்க நிர்வாகிகள் முதலில் தேவையைக் கேட்டறிதல் வேண்டும். அதற்கு வழி செய்யாமல் அபராதம் விதிப்பது, கீழ்த்தட்டினருக்கு ஒரு குடம் நீரும் தராமல் அவர்களை ஏசுவதற்கு ஒப்பாகும்.

ஆனால் தேவையைக் கேட்பது வேறு, துளையை அனுமதிப்பது வேறு. தமிழகத்தில் 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்தது. சங்கத்தின் விதிகளுக்கு வீட்டுரிமையாளர் கட்டுப்படுவது இன்று தாட்சணியத்தால் அன்று, கடமையால்.

அக்கடமையை நிறைவேற்றச் செய்யும் முறை யாது? செவிவழிச் செய்தியைத் தீர விசாரிக்குமாறும், பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதிருக்குமாறும் திருமறையின் ‘ஹுஜுராத்’ அத்தியாயம் கட்டளையிடுகிறது. எனவே முதலில் நேரில் கண்டு உறுதி செய்யுங்கள். பின்னர் தனிமையில் இதமாக எடுத்துரையுங்கள். கேளாவிடில் எந்த விதி மீறப்பட்டது எனக் குறிப்பிட்டு, அவகாசம் தந்து எழுத்தில் அறிவியுங்கள். அதற்கும் பயனில்லையேல் கூட்டத்தில் அவர் தரப்பைக் கேட்டபின் விதியிலுள்ளபடி தீர்மானியுங்கள். பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டி அவமதிப்பதும், தண்ணீரை நிறுத்திக் குழந்தைகளை வாட்டுவதும் நீதியாகா.

உயிருக்கு ஆபத்தான மீறலுக்கோ இத்தனை படிகள் வேண்டா. சாய்ந்த சுவர், தூணை உடைத்து மாற்றிய கட்டடம், அடைக்கப்பட்ட மழைநீர்க் கால்வாய் ஆகியவற்றைக் கண்ட அன்றே நகராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வரும்வரை விடாது வினவுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மனம் நோகுமே என்று மௌனம் காப்பது கருணையன்று.

அனைத்திற்கும் மேலாக, தராசு சாயலாகாது. உயர்குலமான மக்ஸூம் குலத்துப் பெண் ஒருத்தி திருடியபோது, அவளுக்காகப் பரிந்துரை கொண்டுவரப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். உயர்ந்தோரை விட்டுவிட்டு எளியோரைத் தண்டித்ததாலேயே முன்சென்ற சமுதாயங்கள் அழிந்தன என்று எச்சரித்தார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு விதி, தலைவரின் மைத்துனருக்கு வேறொரு விதி என்றிருக்கும் சங்கத்தின் சொல்லை யார் மதிப்பார்?

சுவர் எழும்பும்போது சொல்லும் ஒரு வார்த்தைக்குத் துணிவு வேண்டும். அது வீழ்ந்தபின் சொல்லும் ஆயிரம் வார்த்தைகளால் ஓர் உயிரும் மீளாது.