எதைப் பொறுத்து வேகம்?



விமானம் ஓட்டப் பழகும் என் பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான்: "ஐயா, எதிர்காற்றில் போகிற விமானம், காற்று வீசும் திசைக்குத் திரும்பினால் வேகம் குறைந்து விழுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?"

காற்று சீராக வீசும்வரை அது உண்மையில்லை. இந்த நம்பிக்கை இன்னும் உலவுவதற்கு, சார்புத் திசைவேகத்தைப் பள்ளியில் வெறும் சூத்திரமாக நடத்துவதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானத்தின் காற்றுவேகம் மணிக்கு 120 கி.மீ., காற்றின் வேகம் 40 கி.மீ. எதிர்காற்றில் தரைவேகம் 80. திரும்பிய பிறகு 160. ஆனால் விமானி இயந்திர விசையையும் உயரத்தையும் சரியாகப் பார்த்துக்கொண்டால் வேகமானி இரு திசையிலும் 120தான் காட்டும். தன்மேல் ஓடும் காற்றுதான் இறக்கைக்குக் கணக்கு. தரை அதற்குப் பொருட்டில்லை. ஓடும் ரயில் பெட்டிக்குள் முன்னும் பின்னும் ஓடி விளையாடும் குழந்தை, திரும்பும்போது விழுந்தா விடுகிறது?

"தரைவேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகுமே, அது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவன் நல்ல மாணவன். காற்றிடமிருந்துதான். திரும்பும்போது சரிந்திருக்கும் இறக்கையைத் தள்ளுவது, தானே நகர்ந்துகொண்டிருக்கும் காற்று. தரையிலிருந்து பார்த்தால் அந்தத் தள்ளல் வேலை செய்கிறது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு, அது கண்ணில் இருக்கிறது. தாழப் பறக்கும்போது காற்றுத் திசைக்குத் திரும்பினால் தரை விறுவிறுவென்று பின்னால் ஓடும். வேகம் கூடிவிட்டது என்று எண்ணி விமானி மூக்கைத் தூக்கினாலோ, இயந்திர விசையைக் குறைத்தாலோ உண்மையான காற்றுவேகம் விழும். திருப்பத்தில் இறக்கைக்குச் சுமையும் அதிகம். உயரம் மாறாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால், விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமே சுமார் 40 சதவீதம் கூடிவிடும். தாழ்வான உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள இடம் இருக்காது.

காற்றே திடீரென்று மாறினால் கதை வேறு. 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸில் தரையிறங்க வந்த டெல்டா 191 விமானம், இடிமழை மேகத்திலிருந்து கொட்டிய காற்றில் சிக்கியது. முதலில் எதிர்காற்று, சில நொடிகளில் பின்காற்று. காற்றுவேகம் சரிந்து, 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீரான காற்றையும் மாறும் காற்றையும் ஒன்றாகக் குழப்பினால், பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேண்டாத இடத்தில் பயப்படுவோம்.

ஆற்றில் படகு போகும் கணக்குக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்து நகர்ந்துவிடுகிறோம். இன்று பாடம் நடத்தும் என் மாணவ ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் வேகம் என்று சொல்லும்போதெல்லாம் "எதைப் பொறுத்து?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பழகிவிட்டால், விமானி அறையில் கண் ஏமாற்றும்போதும் அவர்கள் வேகமானியைப் பார்ப்பார்கள்.