ஸ்டியரிங்கில் விரிசலா? உறை போட்டு மறைக்காதீர்கள்!

வெளியே பெயின்ட் பளபளக்கும். குரோம் பம்பரில் முகம் தெரியும். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் விரலில் நறுக்கென்று ஏதோ குத்தும். பழைய அம்பாசடரை ஆசையாக வைத்திருக்கும் பலருக்கும் இந்த விரிசல் பழக்கமானதுதான். உடனே கடைக்குப் போய் ஒரு உறை வாங்கி மாட்டிவிடுவார்கள். விரிசல் கண்ணுக்கு மறையும். அடியில் துரு வளரும். உறை தளர்வாக இருந்தால், அவசரத்தில் வளைக்கும்போது வழுக்கவும் செய்யும்.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. பழைய மாடல்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வண்டியைத் திருப்பும் பலம் முழுக்கக் கையிலிருந்து வர வேண்டும். உள்ளே இரும்பு வளையம், மேலே கெட்டி பிளாஸ்டிக். வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. வருடங்கள் போகப் போக பிளாஸ்டிக் சுருங்கி வெடிக்கிறது. குறுக்குக் கம்பிகள் வளையத்தோடு சேரும் இடம்தான் பெரும்பாலும் முதலில் விடும்.

சரிசெய்வது வீட்டிலேயே முடிகிற வேலைதான். பொறுமை வேண்டும்.

முன்சக்கரங்களை நேராக வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். ஹார்ன் பட்டனை எடுத்தால் நடுவில் நட் தெரியும். ஸ்டியரிங்கும் தண்டும் சேரும் இடத்தில் ஓர் அடையாளக் கோடு போட்டுக்கொள்வது நல்லது. சுத்தியலால் தட்டக் கூடாது; புல்லர் போட்டு இழுக்க வேண்டும். அப்போது நட்டை முழுதாகக் கழற்றாமல் சில சுற்று விட்டுவைத்தால், ஸ்டியரிங் திடீரென விடுபட்டு முகத்தில் அடிக்காது.

அடுத்து சோப்புத் தண்ணீரில் அழுக்கையும் பாலிஷையும் கழுவ வேண்டும். பாலிஷ் மிச்சமிருந்தால் பெயின்ட் ஒட்டாது. விரிசலை அரத்தால் 'V' வடிவில், இரும்பு தெரியும்வரை அகலப்படுத்தித் துருவைச் சுரண்ட வேண்டும். இந்த ஒரு வேலையில் சோம்பல்பட்டால் ஒரு வருடத்திலேயே விரிசல் திரும்ப வரும்.

பள்ளத்தை இரண்டு பொருள் கலக்கும் எபாக்ஸியால், சற்று மேடாக நிரப்பி ஒரு நாள் காயவிட வேண்டும். பாடி வேலைக்குப் பூசும் பட்டி இங்கே சரிவராது. வளையம் அசையும்போது பெயர்ந்துவிடும். பிறகு 80, 180, 400 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். பின்பக்கம் விரல் பதியும் பள்ளங்கள் தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். கடைசியாக பிரைமர், மெல்லிய கோட்டுகளாக பெயின்ட். ஸ்பிரே அடிக்கும்போது காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம். ஒரு வாரம் தொடாமல் விட்டால் பெயின்ட் நன்றாக இறுகிவிடும்.

எல்லா ஸ்டியரிங்கையும் காப்பாற்ற முடியாது. இரும்பு வளையம் வளைந்திருந்தாலும், தண்டில் பொருந்தும் பல் வரிகள் தேய்ந்திருந்தாலும் மாற்றுவதே சரி. ஏர்பேக் உள்ள புதிய கார்களில் இந்த வேலையில் கைவைக்கவே கூடாது.

திரும்ப மாட்டும்போது பழைய கோட்டில் பொருத்தி, நட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமென்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பெயின்ட்டில் சிறு குறை இருந்தால் பரவாயில்லை. நட்டில் இருக்கக் கூடாது.