காகிதத்தில் திறந்த குளம்

“அண்ணா, என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. அதுல கோடிங் கத்துக்க முடியுமா?”

எங்கள் தெரு மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் டூ தம்பி கேட்டது இது. அதற்கு முன் அரை மணி நேரம் கட்டற்ற மென்பொருள் பற்றி உற்சாகமாகப் பேசியிருந்தேன். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம் என்று. அவன் கேட்ட பிறகுதான் உறைத்தது: நான் சொன்ன அத்தனையும் மடிக்கணினி வைத்திருப்பவருக்கானது.

பொதுக் குளங்களைத் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. மறு ஆண்டே மகத் நகராட்சி சௌதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் இறங்கி அள்ளிக் குடிக்கும்வரை அது காகிதத்தில்தான் திறந்திருந்தது. குடித்ததற்கும் அடி விழுந்தது. அந்த வலியும் மென்பொருள் கிடைக்காத வலியும் ஒன்றல்ல. ஆனால் ‘திறந்திருக்கிறது’ என்ற சொல்லை அப்படியே நம்பக்கூடாது என்பதை மகத் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில்தான். நகரத்தில் 23.4 சதவீதம். நம் பிள்ளைகள் பலருக்குக் கையில் இருக்கும் ஒரே கணினி ஆண்ட்ராய்டு போன்தான்.

அந்தப் போனுக்கு ஒரு வழி உண்டு. அதன் பெயர் டெர்மக்ஸ். லினக்ஸ் கருவிகளை ஆண்ட்ராய்டுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்த கட்டற்ற செயலி. பைத்தான், கிட், சி மொழிக்கான கிளாங் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் அதில் ஓடுகின்றன. போனை ரூட் செய்யத் தேவையில்லை. இது எளிதில் வந்ததல்ல. பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தை நம்பி எழுதப்பட்டவை. ஆண்ட்ராய்டில் இருப்பது பயோனிக். நிரல்கள் தேடும் கோப்புறைகளும் அங்கே இல்லை. ஒவ்வொன்றையும் திருத்தி மறுபடி கட்டியவர்கள் தன்னார்வலர்கள்.

அந்த உழைப்புக்கு மேல் தடைகளும் வந்தன. ஆண்ட்ராய்டு 10ஐக் குறிவைக்கும் செயலிகள், தாம் இறக்கி வைத்த நிரலைத் தம் கோப்புறையிலிருந்து நேரடியாக இயக்க முடியாது. இதனால் 2020இல் பிளே ஸ்டோரில் டெர்மக்ஸ் புதுப்பிப்பு நின்றது. பிறகு அங்கே ஒரு பரிசோதனைப் பதிப்பு வந்தாலும், முழுமையானதை எஃப்-டிராய்டு போன்ற இடங்களில்தான் தேட வேண்டும். ஆண்ட்ராய்டு 12, செயலிகள் தொடங்கும் துணைச் செயல்கள் மொத்தம் 32ஐத் தாண்டினால் கொன்றுவிடுகிறது. அதைத் தளர்த்த வழக்கமாகச் சொல்லப்படும் வழி என்ன தெரியுமா? போனைக் கணினியில் இணைத்துக் கட்டளை கொடுப்பது!

2025 ஆகஸ்டில் கூகிள் இன்னொன்றை அறிவித்தது: அடையாளம் சரிபார்க்கப்பட்டவர்கள் உருவாக்கிய செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். எஃப்-டிராய்டு எதிர்த்தது. அனுபவமுள்ளவர்களுக்குத் தனி வழி விடுவோம் என்று கூகிள் பிறகு சொன்னது. முதல் தலைமுறையாகக் கற்க வரும் பிள்ளைக்கு ஏது அனுபவம்?

இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பாதுகாப்புக் காரணங்கள் உண்டு. மோசடிச் செயலிகளால் பணம் இழப்பவர்களில் நம் மக்களும் இருக்கிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் விதி எழுதுபவரின் மேசையில் மடிக்கணினி இருக்கிறது. போன் அவருக்கு இரண்டாவது கருவி. அதுவே ஒரே கருவியாக இருப்பவர் அவர் கணக்கில் வருவதில்லை.

மடிக்கணினி கொடு என்று அரசிடம் கேட்பது நம் உரிமை, அதை விடக்கூடாது. அதோடு, இந்தப் பெயர்ப்பு வேலையும் நம்முடையதாக வேண்டும். ஐ.டி. வேலையில் இருக்கும் தோழர்களே, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். உடைந்த தொகுப்பு ஒன்றைச் சரிசெய்யுங்கள். நிறுவும் முறையைத் தமிழில் எழுதுங்கள். மூன்று ஜிபி ரேம் போனில் ஓட்டிப் பார்த்து, எது ஓடவில்லை என்று சொல்லுங்கள்.

தம்பிக்கு அடுத்த வாரம் பதில் சொன்னேன்: “முடியும்டா, ஆனா கஷ்டம்.” அந்த ‘ஆனா’வை எடுப்பதுதான் நம் வேலை.