சாக்கு மருத்துவம்

‘சாக்கு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் வழங்குகின்றன. அரிசி கட்டும் பை ஒன்று. செய்த செயலை மறைக்கச் சொல்லும் போலிக் காரணம் மற்றொன்று. நம் இல்லங்களில் பூனையை ஒழிக்கும் வேளையில் இவ்விரு சாக்குகளும் ஒருசேரப் பயன்படுகின்றன. பிள்ளைக்குத் தும்மலும் இழுப்பும் கண்டவுடன் பூனை அரிசிச் சாக்கினுள் புகுத்தப்படுகிறது. சாக்கின் வாய் கட்டப்படுகிறது. இருட்டிய பின் மோட்டார் சைக்கிளில் ஏற்றப்பட்டுச் சந்தை ஓரத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ பாலத்தடியிலோ விடப்படுகிறது. ஏன் என்று கேட்டால், “பிள்ளைக்கு அலர்ஜி” என்னும் விடை ஆயத்தமாக இருக்கிறது. ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவுக்கு அருகே அமைந்த எங்கள் லகாட்டிலும் இதுவே வழக்கம். பூசிங்கிலும் பத்து காஜாவிலும் கேட்டுப் பாருங்கள், கதை மாறாது.

இதனை இரக்கமற்ற செயல் என்று கண்டிப்போர் உளர். அவர்களோடு நானும் உடன்படுகிறேன். ஆயினும் என் வழக்கு வேறு. இது மருத்துவமே அன்று என்பதுதான் என் வழக்கு. பூனை போன பின்னும் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. இரண்டு உயிர்கள் துன்புறப் பெற்றோர் மட்டும் கடமை முடிந்ததென்று அமைதி கொள்கின்றனர்.

நம்மிடையே ஆழ வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. பூனையின் உரோமம் சோற்றிலோ மூச்சிலோ புகுந்து, நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இழுப்பை விளைவிக்கும் என்பது அது. பாட்டி சொன்னார்; தாய் சொன்னார்; பட்டம் பெற்ற ஆசிரியரும் அதையே சொல்கிறார்! உண்மை அதுவன்று. ஒவ்வாமையைக் கிளறுவது பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறும் ஒரு புரதம். ‘ஃபெல் டி 1’ என்பது அதற்கு அறிவியலார் இட்ட பெயர். பூனை தன்னை நக்கித் தூய்மை செய்கையில் அப்புரதம் உரோமத்தின்மேல் பூசப்படுகிறது. பின்னர்க் காய்ந்து, தோற்செதிள்களோடு உதிர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளாகக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கிறது. உரோமமே இல்லாத பூனை இனத்திடமும் அப்புரதம் உண்டு. பூனைக்கு மொட்டையடித்தாலும் பயன் இராது என்பது இதனால் விளங்கும்.

இப்பிழையான நம்பிக்கையினால் என்ன விளைகிறது என்று பாருங்கள். உரோமமே பகை என்று எண்ணும் இல்லத்தரசி காலையும் மாலையும் விளக்குமாற்றால் வறட்டுப் பெருக்கல் நடத்துகிறார். உரோமம் குப்பைக்குப் போகிறது. நோயைத் தரும் நுண்துகளோ தரையிலிருந்து எழும்பிப் பிள்ளையின் மூக்குக்குப் போகிறது. பெருக்கிய அறையில் அமர்ந்து பிள்ளை தும்முகிறது. “பார்த்தீர்களா, எவ்வளவு கூட்டினாலும் தீரவில்லை” என்று பூனைக்குத் தீர்ப்பு எழுதப்படுகிறது.

சாக்கில் கட்டி அனுப்பிய பின்னராவது நோய் தீருகிறதா? 1989இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, பூனையை அகற்றிய வீடுகளில் இப்புரதம் எவ்வளவு காலம் தங்குகிறது என்று அளந்து பார்த்தது. பூனையில்லா வீட்டின் அளவுக்கு அது குறையப் பல வீடுகளில் 20 முதல் 24 வாரங்கள் ஆயின. சிலவற்றில் அதற்கும் மேல். மெத்தையும் திரைச்சீலையும் சோபாவும் அதனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பூனை இன்றிரவு போய்விட்டது, நாளை மருந்து வேண்டா என்று எண்ணும் தந்தை, பிள்ளையை ஐந்தாறு மாதங்கள் மருந்தின்றி அதே துகளில் உறங்க வைக்கிறார்.

குற்றம் பூனையுடையதுதானா என்பதையும் யாரும் ஆராய்வதில்லை. இலவம்பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசுப்பூச்சி எனப்படும் நுண்ணுயிரை நம் வீடுகளில் எவர் நினைக்கிறார்? ஆண்டு முழுதும் ஈரப்பதம் குறையாத நம் நாடு அதற்கு ஏற்ற இடம். வீட்டுத் தூசு ஒவ்வாமைக்கு அதுவே தலையாய காரணம் என்பதை 1960களில் ஆலந்து நாட்டு ஆய்வாளர்கள் நிறுவினர். அதனோடு இரவெல்லாம் எரியும் கொசுவர்த்திச் சுருள், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, தந்தையின் சிகரெட்டு எனப் புகைகள் ஒன்றா இரண்டா? இவை இழுப்பைத் தூண்டுவன. ஆனால் இவற்றுள் எதையும் சாக்கில் கட்ட நமக்கு மனம் வருவதில்லை. பேசத் தெரியாத பிராணி ஒன்று வீட்டில் இருக்கையில் பழி சுமத்த வேறு இடம் ஏன் தேட வேண்டும்?

தமிழாசிரியர்கள் ‘ஒவ்வாமை’ என்னும் சொல்லை உற்றுநோக்குதல் நலம். ஒவ்வுதல் என்றால் பொருந்துதல், ஒவ்வாமை, பொருந்தாமை. இச்சொல் எவர்மீதும் குற்றம் சாற்றவில்லை; இரண்டு பொருந்தவில்லை என்று மட்டும் சொல்கிறது. 1906இல் பிர்க்கே என்னும் ஆஸ்திரிய மருத்துவர் ‘அலர்ஜி’ என்ற சொல்லைப் படைத்தபோதும் உடலின் மாறுபட்ட வினையையே குறித்தார். தீங்கற்ற ஒரு புரதத்தைப் பகைவனென்று கருதி உடலின் காவற்படை எழுவதே இந்நோய்.

இனி மறுதரப்பாருக்கும் ஒரு சொல். “பழகப் பழகப் போய்விடும்”, “இதெல்லாம் மனப்பிரமை” என்று கூறிப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, இழுப்பில் துடிக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்போரும் நம்மிடையே உளர். இவர்கள் பூனையின் நண்பர்கள் அல்லர். அடுத்த சாக்கை ஆயத்தம் செய்பவர்கள். நோயை இன்று புறக்கணித்தால், ஒரு நாள் நள்ளிரவில் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரும். மறுநாள் பூனைக்கு அவ்வீட்டில் இடம் இராது.

நம் முன்னோர் தோட்டத்து லயங்களில் பூனை வளர்த்தனர். அரிசியைத் தின்னும் எலிக்கு அதுவே காவல். வால் முறிந்தாற்போல் வளைந்த அந்நாட்டுப் பூனை சமையற்கட்டிலும் வாசற்படியிலும் கிடந்தது. காற்றோ பலகைச் சுவரின் இடுக்கெல்லாம் புகுந்து வெளியேறியது. 1960களின் தோட்டத் துண்டாடலுக்குப் பின் நாம் ஊர்ப்புறத் தாமான்களில் குடியேறினோம். சன்னல் சாத்திய, குளிர்சாதனம் ஓடும் சிறு அறையில், பூனையும் பிள்ளையும் ஒரே மெத்தையில் உறங்கும் காலம் இது. வீடு மாறியது; பூனை வளர்க்கும் முறையை மாற்ற நாம் எண்ணவில்லை.

மாற்றுவது அரிதன்று. படுக்கையறைக் கதவைப் பூனைக்கு இரவும் பகலும் அடைத்து வைப்பது முதற்பணி. நாளில் எட்டு மணி நேரம் பிள்ளை மூச்சு விடும் இடம் அது. “பாவம், கதவடியில் கத்துகிறது” என்பர். நாளடைவில் பூனை அதற்குப் பழகிவிடும். சிமெண்டும் ஓடும் பாவிய தரை நம் பேறு. கம்பளம் விரிக்கும் குளிர்நாட்டாருக்கு அது இல்லை. அத்தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வறட்டுப் பெருக்கல் கூடாது. விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தால் தூசுப்பூச்சியும் மாயும். ஆண் பூனைக்கு விதை நீக்கினால் அப்புரதம் ஊறுவது குறையும். தெருவில் குட்டிகளும் பெருகா. பூனையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் பணம் தேவையில்லை. பூனையைக் குளிப்பாட்டுவதைச் சிலர் பெரிதாகப் பேசுவர். அதன் பயன் ஒரு வாரம்கூட நில்லாது, குளிப்பாட்டுபவர் கையில் கீறல்தான் மிஞ்சும். பூனை உண்டால் இப்புரதம் சராசரியாகப் பாதியளவு குறையும் என்று 2020இல் ஒரு தீனி விற்பனைக்கு வந்தது. அவ்வாய்வை நடத்தியது அதை விற்கும் நிறுவனமே. விலையும் எளியோர்க்கு எட்டாது. கதவை அடைக்க விலை இல்லை.

இவற்றோடு மருந்தும் வேண்டும். நம் மக்களிடம் வாதிட வேண்டிய இடம் இதுதான். ‘இன்ஹேலர்’ எனப்படும் மூச்சு மருந்துக்குழல் என்றாலே அஞ்சுகிறோம். பழகிவிடும், நெஞ்சு கெட்டுவிடும், பெண்பிள்ளை என்றால் வரன் அமையாது! இவ்வச்சத்தால், தடுப்பு மருந்தை மறைத்து வைத்துவிட்டு, மூச்சு முட்டுகையில் மட்டும் நீலக் குழலை அழுத்துகிறோம். நீலக்குழலை மட்டுமே நம்பியிருப்பது தீங்கு என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குழு 2019இலேயே தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. அழற்சியை அடக்கும் மருந்தே நோயின் வேரை அடக்கும். அரசாங்க மருத்துவ நிலையத்தில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். பூனையைக் கொண்டுபோய் விட எரிக்கும் பெட்ரோலின் விலையைவிட அது குறைவு. இதனை எழுதுபவனும் சட்டைப்பையில் மருந்துக்குழல் வைத்திருப்பவன்தான். பூனை கூடத்தில் உறங்குகிறது; நான் அறையில் உறங்குகிறேன்.

இத்தனையும் செய்து, மருந்தும் ஒழுங்காக எடுத்து, சோதனையில் பூனையே காரணம் என்று உறுதிப்பட்ட பின்னும் இழுப்பு அடங்காத பிள்ளைகள் உளர். அவ்வீட்டில் பூனை இருத்தலாகாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பிள்ளையின் மூச்சே பெரிது. ஆனால் வேறொரு வீடு தேடித் தருவது வேறு, சாக்கு வேறு. பக்கத்துக் கம்பத்தில் பூனையை விருந்தினர்போல் பேணும் மலாய்க் குடும்பங்கள் எத்தனை! கேட்டுப் பார்க்கக் கூச்சம் ஏன்? 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், பிராணிக்குக் கொடுமை செய்பவருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. வாய் கட்டிய சாக்கைப் பாலத்திலிருந்து எறிபவர் இதனை அறிந்திருத்தல் நலம்.

பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘நான் ஒரு பூனை’ என்று தன்கதை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவன் இல்லை. அக்கதைகளில் பூனை பால் குடிக்கும், எலி பிடிக்கும், எசமானின் அன்பைப் பெறும். சாக்கு வருவதே இல்லை. இழுப்பும் வருவதில்லை. ஆனால் அதே வகுப்பில், காலையில் பூனையை அணைத்துவிட்டு வந்த மாணவியின் சட்டையில் ஒட்டிய துகள், பூனையே இல்லாத வீட்டிலிருந்து வந்த மாணவனை இருமச் செய்யலாம். பூனை வளர்ப்போர் மிகுந்த வகுப்பில் பூனை ஒவ்வாமையுடைய ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு நோய் கூடுவதைச் சுவீடன் நாட்டு ஆய்வு 2001இல் காட்டியது. எந்தச் சாக்கும் வகுப்பறைவரை எட்டாது. ஆகவே ஆசிரியர்களிடம் கேட்கிறேன்: உங்கள் வகுப்பில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் எவர் எவர் என்று தெரியுமா? அவர்களுடைய மருந்துக்குழல் எங்கே இருக்கிறது? பிள்ளையின் புத்தகப் பையிலா, அலுவலகத்தில் பூட்டிய அலமாரியிலா? அலமாரியில் என்றால், திடலில் பிள்ளை மூச்சுத் திணறுகையில் அந்தச் சாவி யார் கையில் இருக்கும்?