சுரங்கப்பாதை நம்முடையது, விளையாட்டு யாருடையது?

“கணினி விளையாட்டா? அதுதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது!” பெற்றோர் கூட்டம் எங்கு நடந்தாலும் இக்குரல் எழும். ஆசிரியர்களாகிய நாமும் தலையாட்டுவோம். நான் இதனை மறுக்கிறேன். கெடுப்பது எது, வளர்ப்பது எது என்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி வீசுவது அறிவுடைமை ஆகாது.

கைப்பேசியில் இலவசமாக வரும் ஃப்ரீ ஃபயர், மொபைல் லெஜண்ட்ஸ் போன்றவை உள்ளே ‘வைரம்’ விற்றுப் பிழைப்பவை. பிள்ளை நிறுத்தாமல் ஆடினால்தான் அந்தக் கடை ஓடும். அவற்றின்மேல் பெற்றோர் கொள்ளும் சினம் முற்றிலும் நியாயமானது.

ஆனால், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ‘டீம் செர்ரி’ என்னும் மிகச் சிறிய குழு செய்தது வேறு. 2014-இல் பொதுமக்களிடம் 35,000 ஆஸ்திரேலிய வெள்ளி கேட்டார்கள். 57,000-க்கு மேல் கிடைத்தது. 2017-இல் ‘ஹாலோ நைட்’ வெளிவந்தது. அடுத்த படைப்பான ‘சில்க்சோங்’ 2019-இல் அறிவிக்கப்பட்டு 2025 செப்டம்பர் 4-ஆம் நாள்தான் வந்தது. ஆறரை ஆண்டுக் காத்திருப்பு! ஒருமுறை விலை கொடுத்தால் போதும். உள்ளே வைரக் கடை கிடையாது.

இவ்வகை விளையாட்டின் உயிர் அதன் வரைபடம். இன்று ஒரு சுவர் தடுக்கும். வேறெங்கோ சென்று ஒரு திறனைப் பெற்றுத் திரும்பினால் அதே சுவர் வழிவிடும். கடந்து வந்த இடத்தை நினைவில் வைத்திருப்பவனே முன்னேறுவான்.

இதற்கு நம் பேராவை விடப் பொருத்தமான நிலம் உண்டா? ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். கோப்பெங் அருகே தெம்புரோங் குகை. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்டு 1982-இல் ஓய்ந்த ஈயக் கப்பல். பத்து காஜாவில், 1926-இல் வில்லியம் கெல்லி ஸ்மித் இறந்ததால் முடிவுறாமல் நிற்கும் மாளிகை. அங்கிருந்து அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் சுரங்கப்பாதை உண்டென்பார்கள். அடிலெய்டுக்காரர்கள் கற்பனையில் தோண்டியதை நம்மூரார் கதையிலேயே தோண்டி வைத்திருக்கிறார்கள்!

தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா; சற்றுக் கீழே கிராணி வீடு; பள்ளத்தில் லயம். லயத்துப் பிள்ளை அந்த மேட்டில் கால் வைக்க முடியாத காலம் ஒன்றிருந்தது. அந்தத் தடைகளை எந்த வடிவமைப்பாளரும் புதிதாய்ச் சிந்திக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரனே வரைந்துவிட்டுப் போனான். இன்று பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம். ஆயாக்கொட்டகை நின்ற இடத்தைக் கைகாட்டக் கூடியவர்கள் முதியவர்கள் மட்டுமே.

தமிழ்க் குடும்பத்தின் கதையை உலகம் வாங்காது என்பாரும் உளர். கனடாவின் ‘விசை கேம்ஸ்’ 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ குதித்துத் தேடும் வகை அன்று. சிதைந்துபோன சமையற்குறிப்பைக் கொண்டு ஒரு தாய் இட்லி சுடும் கதை. 2024-இல் அதற்குப் பாஃப்டா விருது கிடைத்தது. வேறென்ன சான்று வேண்டும்?

நாமோ, ‘தமிழ் விளையாட்டு’ என்ற பெயரில் தேர்வுத்தாளுக்குச் சட்டை மாட்டி விடுகிறோம். சரியான லகரத்தைத் தட்டு, நட்சத்திரம் பெறு! பிள்ளை இருமுறை தட்டிவிட்டு ஃப்ரீ ஃபயருக்கு ஓடுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘மங்கு’ என்ற சொல்லைப் பொருள் எழுதி மனனம் செய்ய வைத்தால் மறப்பான். இருட்டில் மரத்துக்கு மரம் தாவி, மங்கில் சேர்ந்த பாலைக் காண்டா வாளியில் ஊற்றி, மழை வருமுன் ஸ்டோரில் சேர்க்கச் சொல்லுங்கள், மறக்கமாட்டான்.

“தேர்வுக்கு வராதே!” என்பது அடுத்த மறுப்பு. யூபிஎஸ்ஆர் 2021-லேயே ஒழிக்கப்பட்டது ஐயா! தேர்வு போன பின்னும் இந்தச் சாக்கு மட்டும் சாகவில்லை.

ஆறரை ஆண்டு வேண்டாம். ஒரு பள்ளித் தவணை, ஒரு வகுப்பு, ஒரே ஒரு தோட்டம் போதும். ஸ்கிராட்ச் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால், கணினியைத் திறக்குமுன் கட்டத்தாளோடு பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள். பெரட்டுக்களம் எந்தப் பக்கம்? ஆற்றைக் கடக்கப் பாலமா, மரக்கட்டையா? பங்களாவுக்குப் போகும் பாதையில் யார் நிறுத்தினார்கள்? நிறுத்தியும் ஏறிப்போனவர் எவரேனும் உண்டா?